வாயிற் சீட்டும் வருடச் சீட்டும்

பண்டங்களின் விலையை அறிதல் எளிது; அவற்றின் பெறுமதியை அறிதலே அரிது. அரிசி வாங்குபவர் அதன் அளவையும் தரத்தையும் கண்ணாற் கண்டு, கொடுத்த காசுக்குப் பொருள் கிடைத்ததா என்பதை அக்கணமே தீர்மானித்துவிடலாம். ஆனால், ஒரு நாளின் களிப்பை விலைக்கு வாங்குபவர் எந்த நாழியைக் கொண்டு அதனை அளப்பார்? சென்ற எழுபது ஆண்டுகளில் இக்கேள்விக்குப் பலவாறாக விடை கண்ட இடமொன்று உண்டு. அதன் வரலாறு, காசெண்ணிச் செலவு செய்யும் எந்தக் குடும்பத்துக்கும் பயன் தரவல்லது.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், அனஹைம் நகரில், 1955ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா திறந்துவைக்கப்பட்டது. சித்திரப் படங்களால் உலகப் புகழ் எய்திய வோல்ற் டிஸ்னி என்பவரே அதனை நிறுவியவர். தம் பெண்மக்கள் இராட்டினத்திற் சுற்றி மகிழ, தாம் மட்டும் வாங்கொன்றில் அமர்ந்து பார்த்திருந்த வேளைகளில், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே களிக்கத்தக்க இடமொன்று வேண்டும் என்னும் எண்ணம் உதித்ததாக அவரே கூறியிருக்கின்றார்.

அப்பூங்கா திறக்கப்பட்டபோது வளர்ந்தோருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டொலர். சிறுவருக்கு 50 சதம். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் 10 முதல் 35 சதம் வரை தனித்தனியே கொடுத்தல் வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேயே சீட்டுப் புத்தகம் என்றொரு முறை வந்தது. நுழைவும் எட்டுச் சவாரிகளும் அடங்கிய புத்தகம் வளர்ந்தோருக்கு இரண்டரை டொலர். சீட்டுகள் ஏ, பீ, சீ என வகுக்கப்பட்டிருந்தன. 1956இல் டீ என்பதும், 1959இல் ஈ என்பதும் சேர்ந்தன. சிறிய சவாரிகளுக்கு ஏ. பனிமலைச் சறுக்கு வண்டி, நீர்மூழ்கிக் கப்பல் போன்ற பெரியவற்றுக்கு ஈ. ஈ சீட்டு என்றால் ஒப்பற்ற அனுபவம் என்றே அமெரிக்கப் பேச்சு வழக்கிற் பொருளாயிற்று. 1983இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியான சலி றைட் அம்மையார், தம் பயணத்தை வருணிக்கவும் அச்சீட்டையே உவமையாக எடுத்தாண்டார்.

இம்முறையிலே ஒரு நுட்பம் இருந்தது. புத்தகத்தில் ஈ சீட்டுகள் சிலவே. அவை தீர்ந்ததும், கையில் எஞ்சிய ஏ, பீ சீட்டுகள் மக்களைச் சிறிய சவாரிகளின் பக்கம் திருப்பின. அதனாற் கூட்டம் ஓரிடத்தில் நெருங்காது பூங்கா முழுவதும் பரவிற்று. குறையும் இல்லாமலில்லை. செலவாகாத சிறு சீட்டுகள் வீட்டு மேசை இழுப்பறைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. காசு போயிற்று, களிப்பு வரவில்லை.

இதற்கிடையே, 1961இல் ரெக்சாஸ் மாநிலத்தில் திறக்கப்பட்ட சிக்ஸ் பிளாக்ஸ் பூங்கா வேறு வழியை மேற்கொண்டது. வாயிலில் 2.75 டொலர் கொடுத்தால், உள்ளே எத்தனை முறையும் சவாரி செய்யலாம். டிஸ்னிலாந்தும் 1982இற் சீட்டுப் புத்தகத்தைக் கைவிட்டு, ஒரே சீட்டு முறையைக் கைக்கொண்டது.

இம்மாற்றத்தால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? இதற்கு விடைகாண உதவும் ஆராய்ச்சி 1971ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. இளமையிலேயே கண்ணொளி இழந்தும் பொருளியல் அறிஞராய் விளங்கிய வோல்ரர் ஓய் என்பவர், டிஸ்னிலாந்தின் இரட்டைக் கட்டணத்தையே பொருளாகக்கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். வாயிற் கட்டணத்தை உயர்த்திச் சவாரிக் கட்டணத்தைக் குறைத்தால், மிகுதியாகச் சவாரி செய்வோரிடமிருந்து முதலாளிக்கு ஆதாயம் கூடும். ஆனால் அவ்வுயர்ந்த வாயிற் கட்டணமே, சிறிதளவு மட்டும் துய்க்க விரும்புவோரை வெளியே நிறுத்திவிடும். இதுவே அவர் விளக்கிய சிக்கலின் சாரம்.

பேரப் பிள்ளைகளுடன் வரும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தச் சவாரியிலும் ஏறப் போவதில்லை. மரநிழலில் அமர்ந்து குழந்தைகளின் சிரிப்பைக் கேட்டலே அவர் விரும்பும் இன்பம். 1955இல் அவர் ஒரு டொலருடன் உள்ளே சென்றிருப்பார். ஒரே சீட்டு முறையிலோ, பகலெல்லாம் சறுக்கு வண்டியில் ஏறியிறங்கும் இளைஞன் கொடுக்கும் தொகையை அவரும் கொடுத்தாக வேண்டும். எல்லார்க்கும் ஒரே விலை என்பது எல்லார்க்கும் ஒரே நீதி ஆகிவிடாது.

விலையும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டு தொடக்கம், நாளுக்கு நாள் கட்டணம் வேறுபடலாயிற்று. 2024 ஒக்டோபரில் மிகக் குறைந்த ஒருநாட் சீட்டு 104 டொலர். கூட்டம் மிகுந்த நாட்களில் அதுவே 206 டொலர். பணத்தின் மதிப்பு வீழ்ந்ததை மறத்தலாகாது. 1955இன் ஒரு டொலர் 2024இன் ஏறத்தாழ 12 டொலருக்குச் சமம். ஆகவே உழைப்பைக் கொண்டு அளத்தலே நேர்மை. 1955இல் அமெரிக்கச் சட்டப்படி மிகக் குறைந்த மணிக்கூலி 75 சதம். இரண்டரை டொலர்ப் புத்தகத்தை வாங்க, அத்தொழிலாளி மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக உழைத்தாற் போதும். 2024இற் கலிபோர்ணியாவின் குறைந்த மணிக்கூலி 16 டொலர். ஆறரை மணித்தியால உழைப்பு மலிவான நாளின் சீட்டை வாங்கும். நெரிசல் நாளின் சீட்டுக்கோ பதின்மூன்று மணித்தியாலம் வேண்டும். ஓய்வு நாளைத் தாமே தெரிந்துகொள்ள இயலாத தொழிலாளரும், பள்ளி விடுமுறையை எதிர்நோக்கும் பெற்றோருமே பெரும்பாலும் அந்நெரிசல் நாட்களுக்கு ஆளாகின்றனர்.

இன்னுமொன்று. சவாரிக்குத் தனிக் காசு இல்லாதபோது, மக்கள் தம் பொழுதையே காசாகக் கொடுக்கின்றனர். அதன் பெயர் வரிசை. 1999 தொடக்கம் வரிசையைச் சுருக்கும் சீட்டு இலவசமாய் வழங்கப்பட்டது. 2021இல் அதற்கும் நாளொன்றுக்கு 20 டொலர் என விலை குறிக்கப்பட்டது. கைவிடப்பட்ட சவாரிக் கட்டணம் வேறு வேடம் புனைந்து திரும்பியது போலாயிற்று.

இனி, வருடச் சீட்டைப் பார்ப்போம். காரியாலயத்துக்குப் போவோர் புகைவண்டிப் பருவச்சீட்டு வாங்குகின்றனர். அவர்கள் போயே ஆகவேண்டியவர்கள். ஆதலால் கணக்குப் பிழைப்பதில்லை. களிப்புக்கு வாங்கும் பருவச்சீட்டு அத்தகையதன்று. உடற்பயிற்சி நிலையங்களின் அங்கத்தவர்களை ஆராய்ந்த டெல்லாவிக்னா, மல்மெண்டியர் என்னும் இரு பொருளியலறிஞர்கள் 2006இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. மாதம் 70 டொலருக்கு மேற் சந்தா செலுத்தியோர் சராசரி 4.3 முறையே சென்றனர். முறையொன்றுக்கு 17 டொலருக்கு மேற் செலவாயிற்று. பத்து முறைக்கான சீட்டை வாங்கியிருந்தால் முறையொன்றுக்கு 10 டொலரே ஆகியிருக்கும். மனிதர் தாம் போகப்போகும் நாட்களை எண்ணிச் சீட்டு வாங்குவதில்லை. போக விரும்பும் நாட்களை எண்ணியே வாங்குகின்றனர்.

டிஸ்னிலாந்து 2021 ஓகஸ்டில் நான்கு தரமான வருடச் சீட்டுகளை அறிவித்தது. விலைகள் 399, 649, 949, 1,399 டொலர். அப்போது ஒருநாட் சீட்டின் மிகக் குறைந்த விலை 104 டொலராதலால், 399 டொலர்ச் சீட்டு நான்கு முறை சென்றால் முதலை மீட்டுவிடும் என்று தோன்றும். ஆனால் மலிவான சீட்டுக்கு விலக்கப்பட்ட நாட்கள் பல. எந்தச் சீட்டாயினும் நாளை முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். விலக்கு நாளே இல்லை என்று விற்கப்பட்ட 1,399 டொலர்ச் சீட்டை வைத்திருந்தோர்க்கும் சில நாட்களிற் பதிவு கிடையாதிருந்தமை வழக்காயிற்று. தவறெதனையும் ஒப்புக்கொள்ளாமலே, 95 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் 2023இல் இணங்கியது.

நேயர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க முறை எளியது. வருடச் சீட்டு வாங்குமுன் சென்ற ஆண்டின் நாட்காட்டியை எடுத்து, உண்மையில் ஓய்வாயிருந்த நாட்களை எண்ணுக. அவற்றுள் விலக்கு நாட்களைக் கழிக்க. எஞ்சிய நாட்களாற் சீட்டின் விலையைப் பிரிக்க. வந்த ஈவுடன், ஒவ்வொரு முறையும் ஆகும் பயணச் செலவையும் உணவுச் செலவையும் கூட்டுக. அத்தொகையே உண்மை விலை. அது ஒருநாட் சீட்டுடன் சென்றுவரும் செலவை விஞ்சுமாயின், வருடச் சீட்டு மலிவு போலத் தோன்றும் பண விரயமே.

பூங்கா நடத்துவோர் இலாபம் கருதுதல் குற்றமாகாது. சவாரிகளைப் பாதுகாப்பாய் இயக்கவும், ஊழியர்க்கு ஊதியம் அளிக்கவும் பணம் வேண்டும். எனினும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே களிக்க என எழுந்த இடம், வாங்கில் அமர்ந்திருக்க மட்டும் விரும்பும் முதியோரையும், கூலியை எண்ணி வாழும் குடும்பத்தையும் வாயிலிலேயே நிறுத்துமாயின், அது தான் எழுந்த நோக்கத்திலிருந்து விலகியதாகும். அவர்களும் தம் வசதிக்கேற்பக் கொடுத்து உள்ளே செல்ல ஒரு வழி இருக்கிறதா என்பதைக் கொண்டே, அவ்விடத்தின் கட்டணம் தகுமா தகாதா என்று தீர்ப்புச் சொல்லுதல் வேண்டும்.