மஞ்சக்குப்பம் வழக்கும் வாட்ஸ்அப் குழுவும்

1869ஆம் ஆண்டு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு ஒரு மானநஷ்ட வழக்கு வந்தது. தொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எதிர்த்தரப்பில் பெயர் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர் இராமலிங்க அடிகள், இன்று நாம் வள்ளலார் என்று கும்பிடுகிறவர். அந்த வருடம் ஆனி உத்திரத்தின்போது சிதம்பரம் கோயிலில் கூட்டம் போட்டுத் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்பது நாவலரின் புகார்.

தீர்ப்பு என்ன என்று கேட்டால், நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வள்ளலார் உள்ளே வந்ததும் நாவலரே எழுந்து நின்றார், அதைப் பார்த்து நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார் என்று வள்ளலார் பக்கம் சொல்வார்கள். கோயில் தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விழுந்தது, தாம் அப்படிப் பேசவில்லை என்று சொன்னதால் வள்ளலார் விடுவிக்கப்பட்டார் என்று நாவலர் பக்கம் சொல்வார்கள். நூற்றைம்பது வருடம் தாண்டியும் இரண்டு கதைகளும் உயிரோடு இருக்கின்றன. அந்தக் காலத்துக் கண்டன நூல்களைத் தேடித் திரட்டி ஆய்வாளர் ப. சரவணன் பதிப்பித்திருக்கிறார். அவற்றைப் புரட்டினால் ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். கோர்ட்டுக்குப் போனதால் சண்டை ஓயவில்லை.

சண்டையின் தொடக்கம் 1867. அந்த வருடம் பிப்ரவரியில் தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலாரின் பாடல்களைத் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சேற்றினார். நாவலருக்குப் பொறுக்கவில்லை. தேவாரமும் திருவாசகமும்தான் அருட்பா, இன்றைக்கு ஒருவர் பாடியதற்கு அந்தப் பெயரா, அதைக் கோயிலில் பாடுவதா என்று கேட்டார். கேட்கக்கூடாத கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வேடிக்கை என்னவென்றால், தன் பெயரோடு 'சாமி' என்று சேர்த்துப் போடுவதே தனக்குச் சம்மதமில்லை என்று வள்ளலார் தன் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பட்டத்துக்காக அடித்துக்கொண்டவர்கள் மற்றவர்கள்தான்.

கேள்வி கேள்வியாக நின்றிருந்தால் நல்ல தமிழ் விவாதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கும். அப்படி நிற்கவில்லை. 'போலியருட்பா மறுப்பு' என்று ஒரு நூல் வந்தது. பாட்டை விட்டுவிட்டுப் பாடியவரைப் பிடித்துக்கொண்டது. வள்ளலார் பக்கத்தார் சும்மா இருந்தார்களா? அவர்கள் விட்ட பதில் நூலின் பெயர் 'குதர்க்காரணிய நாச மகா பரசு'. குதர்க்கம் என்கிற காட்டை வெட்டிச் சாய்க்கும் பெரிய கோடரியாம். பெயரைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா.

இந்தக் கண்டன ஆயுதத்தை நாவலர் எங்கே பழகினார் என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் சைவத்தைக் கேவலப்படுத்தித் துண்டுப் பிரசுரங்களாக வெளியிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவிய அதே நாவலர், அந்தப் பிரசுரங்களுக்குப் பதிலாக 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். தன் சமயத்தை ஏசியவர்களைக் கேட்டு நொந்தவர் அவர். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கியதும், 1877 வாக்கில் யாழ்ப்பாணத்துப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்ததும் அவர்தான். கெட்ட மனிதர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. வசையால் புண்பட்டவர் கையில் அதே வசை வந்து சேர்ந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் பெரிய பாடமாகப் படுகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் தண்டனைச் சட்டத்தில் தனிமனிதருக்கு மானநஷ்டம் என்ற பிரிவு இருந்தது. சமூகங்களுக்கு இடையே பகை மூட்டுவது குற்றம் என்ற 153-ஏ பிரிவு 1898இல்தான் சேர்ந்தது. வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295-ஏ, 1927இல் வந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 196, 299 என்று எண் மாறியிருக்கின்றன. ஆக, இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது எல்லாப் பேச்சையும் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. 2015இல் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை ரத்து செய்தபோது ஒரு கோடு போட்டுக் காட்டியது. ஒரு கருத்தை விவாதிக்கலாம், அதற்காகப் பரிந்தும் பேசலாம், அது கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும் சரி. தூண்டிவிடுகிற அளவுக்குப் போகும்போதுதான் சட்டம் உள்ளே வரும்.

சாதிப் பேச்சிலும் அப்படி ஒரு எல்லை உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தினால்தான் அதற்கான பிரிவு பொருந்தும். வெளியார் யாருமில்லாமல் நாலு சுவருக்குள் நடந்தால் பொருந்தாது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அப்படியானால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சொந்தக்காரர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், 'காலனிப் பசங்களே இப்படித்தான்', 'அந்த மதத்துக்காரன் கடையில எதுவும் வாங்காதீங்க' என்று ஓடுகிற பேச்சு? பெரும்பாலும் எந்த போலீஸ் ஸ்டேஷனும் அதற்கு எஃப்.ஐ.ஆர். போடாது. சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தில் இருப்பது நீங்களும் நானும்தான்.

அங்கே என்ன செய்வது என்று கேட்டால் பலரும் சொல்கிற பதில் வடலூரைக் காட்டுவது. ஏசுகிறவர்கள் ஏசட்டும், நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. அருட்பா அச்சான அதே 1867ஆம் வருடம், மே 23ஆம் தேதி, வடலூரில் வள்ளலாரின் சத்திய தருமச்சாலை தொடங்கியது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. போய் உட்கார்ந்தால் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். கண்டன நூல்களை இன்று ஆராய்ச்சி மாணவர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள்.

சிதம்பரம் ஓமக்குளத்துப் பக்கம் போனால் இன்னொரு பதிலைப் பார்க்கலாம். தாழ்த்தப்பட்ட மக்களைச் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது குற்றமே ஆகாத காலத்தில், 1916இல், சுவாமி சகஜானந்தர் அந்தப் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். எந்த நந்தனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று கதை சொல்கிறதோ, அதே ஊரில் அவர் பெயரிலேயே.

1944இல் இதே கடலூரில் பெரியார் மீது செருப்பு வீசினார்கள். பேச்சைத் தாண்டிய செயல் அது, சட்டப்படியே குற்றம். ஆனாலும் அவர் வண்டியைத் திருப்பச் சொல்லி, ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது என்று மற்றதையும் எடுத்துக்கொண்ட கதை ஊரறிந்தது. அதே இடத்தில் 1972இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இவையெல்லாம் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் இவற்றைக் காட்டி, ஏச்சு வாங்குகிறவரிடம் 'நீ கண்டுகொள்ளாதே, உன் வேலையைப் பார்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வள்ளலார் பக்கம் ஒரு பெரிய கூட்டம் நின்றது. பெரியார் பக்கம் ஓர் இயக்கம் நின்றது. தனியாக நிற்கிறவருக்கு யார் நிற்பது?

2020 அக்டோபரில் புவனகிரிக்குப் பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வெளியே வந்தது. ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். படம் பரவிய பிறகு ஊராட்சிச் செயலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவானது. அது சட்டத்துக்குள் வருகிற விஷயம், வந்தது. ஆனால் அந்தப் படத்தில் என் கண் போனது நாற்காலிகளின் மேல். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, 'தலைவரம்மா, இங்க வந்து உட்காருங்க' என்று சொல்லியிருந்தால் போலீஸும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். அப்படி ஒருவர் எழுந்து சொல்லாததைத் தண்டிக்க எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது.

அருட்பா சண்டைக்கே திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அப்படி எழுந்த ஒருவர் அங்கே இருக்கிறார். வள்ளலார் 1874இல் மறைந்துவிட்டார், நாவலர் 1879இல். சண்டை மட்டும் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, வள்ளலார் பாடியது அருட்பா அல்ல, மருட்பா என்ற கட்சியைத் தூக்கிப் பிடித்தார். 'இராமலிங்கம் பிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம்' என்று ஒரு நூல் வந்தது. மறுபடி கோர்ட்டு, மறுபடி கேஸ். அப்போது வள்ளலாருக்காக மேடையேறியவர்களில் ஒருவர் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர். சதாவதானி, பெரும்புலவர், முஸ்லிம். இரண்டு சைவக் கட்சிகளின் சண்டையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதனால்தான் அவர் பேச்சு எடுபட்டது. அவருக்கு அதில் லாபமும் இல்லை, பழிவாங்கவும் ஒன்றுமில்லை.

கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர், ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போய்ப் பள்ளி இறுதித் தேர்வையே எழுத முடியாமல் படிப்பை இழந்தார். அவர்தான் பின்னாளில் திரு.வி.க. என்று நாடறிந்தவர். அதே திரு.வி.க. 1929இல் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று நூல் எழுதினார். எந்தக் கண்டனமும் அவரை மாற்றியதாக நான் நம்பவில்லை. தானே படித்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு நம் கல்யாணப் பந்திக்கு வருவோம். பக்கத்து இலையில் இருக்கிற மாமா ஒருவர், ஒரு தெருவையோ ஒரு மதத்தையோ சொல்லி, அவனுங்களே இப்படித்தான் என்கிறார். அவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை, அது நடக்கவும் நடக்காது. வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற பத்துப் பேருக்குத்தான் உங்கள் பதில் போக வேண்டும். அதில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருப்பான். தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறவர் அந்தத் தெருக்காரராகவே இருக்கலாம். பிரசங்கம் செய்யாதீர்கள், சாம்பார் ஆறிவிடும். 'யாரு மாமா? எந்தப் பையன்? பேரைச் சொல்லுங்க' என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். ஊரையே ஏசுவது சுலபம், ஆளைக் காட்டச் சொன்னால் பேச்சு தடுமாறும். தடுமாறாவிட்டால், 'எனக்கு அப்படித் தோணல மாமா' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். அந்த ஒரு வாக்கியம் போதும். பத்துப் பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்ற கணக்கு அங்கே உடைந்துவிடும்.

கூட்டத்தில் பேச முடியாத நிலை பலருக்கு இருக்கும். வயதில் சின்னவர், மருமகளாக வந்தவர், வேலைக்கு அந்த மனிதரையே நம்பியிருப்பவர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிறகு தனியாகப் போய், ஏச்சு வாங்கியவரிடம், 'அது தப்புங்க, எனக்குக் கேட்கவே பிடிக்கல' என்று சொல்லலாம். அதுகூட அவருக்குத் தெம்பு.

ஒன்றை மட்டும் செய்யவேண்டாம். 'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று அதே வசையை நாலு குழுவுக்கு அனுப்பாதீர்கள். எதிரி சொன்னதை வரிவரியாக எடுத்துப் போட்டு மறுப்பதுதான் நம் கண்டன நூல் மரபு. அதனால் 'போலியருட்பா மறுப்பு' கைக்குக் கிடைக்காதவர்களும் அதில் என்ன இருந்தது என்பதைப் பதில் நூலிலேயே படித்துக்கொண்டார்கள். இப்போது ஃபார்வர்டு பட்டனில் அதே காரியம் அரை நொடியில் ஆகிறது.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடும் பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை, கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் எவர் போட்ட செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கிற வசதி அட்மினுக்கு உண்டு. உங்கள் குடும்பக் குழுவில் அட்மின் சித்தப்பாவாக இருந்தால், குழுவில் சண்டை போடாமல் அவருக்குத் தனியாகப் போன் போடுங்கள். 'சித்தப்பா, நேத்து வந்த அந்த வீடியோவைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன், பிள்ளைங்களும் குரூப்ல இருக்காங்க' என்று கேளுங்கள். கேட்டால் எடுத்துவிடுகிற சித்தப்பாக்கள்தான் நம்மிடம் அதிகம்.