உணவு கொடுக்கச் சொன்னவர்



மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருவர் 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்தியவர். கைப்பொருளை எல்லாம் மருத்துவர்களிடம் செலவழித்தும் குணம் காணாதவர். இன்னொருத்தி யாயிரின் மகள், 12 வயதுச் சிறுமி. இந்த இரண்டு புதுமைகளைப் பற்றியும் நாம் நிறைய மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் சிறுமி எழுந்து நடந்த பிறகு ஆண்டவர் கடைசியாகச் சொன்னதை மட்டும் ஏனோ விரைவாகக் கடந்துவிடுகிறோம். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். எல்லாரும் திகைத்து நின்றபோது, பிள்ளைக்குப் பசிக்கும் என்பது அவர் நினைவில் இருந்தது. செவிலியர்களின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

தூய லூர்து அன்னையின் விழாவும் உலக நோயாளர் நாளுமான இன்று, ஒரே ஒரு நோயைப் பற்றிச் சிந்திப்போம். தலசீமியா என்பது அதன் பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் இரத்தக் குறைபாடு இது. (தாயை மட்டும் குறைசொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை.) கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

அந்த நாளில் வார்டில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக வந்துபோகும் பிள்ளைதான். செவிலியருக்கு முகம் தெரியும், அது வளர்க்கும் நாய்க்குட்டியின் பெயர்கூடத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்பார். பிள்ளை சிரிக்கும். அதன் வாயாலேயே பெயர் வரவேண்டும். கைப்பட்டையிலும் இரத்தப் பையிலும் உள்ள விவரங்கள் அதனோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும். வகை மாறிய இரத்தம் ஏறினால் உயிரே போகலாம். பிறகு மெதுவாகச் சொட்டத் தொடங்கும். முதல் 15 நிமிடம் செவிலியர் பக்கத்திலேயே இருப்பார். நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல் என்று ஏதாவது தெரிந்தால் முதலில் இரத்தத்தை நிறுத்துவார். பிறகுதான் மருத்துவரை அழைப்பார். நிறைந்து வழியும் வார்டில் ஒரே பிள்ளைக்காக 15 நிமிடம் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பெருங்கூட்டம் நெருக்கியபோதும் தம்மைத் தொட்ட ஒருத்திக்காக ஆண்டவர் நின்றாரே!

ஏற்றும் இரத்தமே வேறொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. நம் உடல் ஒரு நாளில் வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் தங்கிவிடும். பிட்யூட்டரி பாதிக்கப்பட்டால் வளர்ச்சி தடைப்படும், பருவமடைதல் தள்ளிப்போகும். கணையம் பாதிக்கப்பட்டால் சர்க்கரை நோய் வரும். அதனால்தான் செவிலியர் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளக்கிறார். இரும்பை வெளியேற்றும் மருந்தை நாள் தவறாமல் கொடுக்கிறீர்களா என்று தாயிடம் துருவித் துருவிக் கேட்கிறார். நாமோ நோயாளியைப் பார்க்கப் போகும்போது பேரீச்சம்பழமும் சத்து டானிக்கும் வாங்கிக்கொண்டு போகிறோம். இரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து கொடு என்பது நம் கணக்கு. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, கேட்டுக் கொடுங்கள். 16 வயதுப் பையனைப் பார்த்து "ஐந்தாம் வகுப்பா?" என்று கேட்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை திருப்பலி நடுவே வியர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிச்சல்பட்டால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நற்கருணை வாங்க வேண்டுமே என்று தாய்மார் தயங்க வேண்டாம். ஒரு மணி நேர நோன்பு நோயாளருக்கு இல்லை; 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அவர்களைப் பராமரிப்போருக்கும் அதே சலுகையைத் தந்திருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்த தாயையும் செவிலியரையும் திருச்சபை நோயாளரோடு சேர்த்தே எண்ணுகிறது.

கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடிவிடும்; இரத்த வங்கிகளில் இருப்பு குறையும். பிள்ளைகளுக்குக் குறித்த தேதி மாறாது. 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத, உடல்நலமுள்ள ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம். கொடுக்க இயலாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. இரத்தம் ஏற்றும் நாளில் தாய் விடியலில் கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்புவார். உங்கள் அன்பியத்தில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், அன்று மற்றப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து சோறு போடுங்கள்.