மூன்று மூட்டை நெல்



முக்கால் என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு ரொட்டியை நான்கு சம துண்டாக்கி மூன்றை எடுத்தால் முக்கால். அதை 3/4 என்று எழுதுகிறோம். ஆனால் 75/100 என்றால்? அதுவும் முக்கால்தான்! மேலே உள்ள 75-ஐ 25-ஆல் வகுத்தால் 3. கீழே உள்ள 100-ஐ அதே 25-ஆல் வகுத்தால் 4. இதற்குப் பின்னத்தைச் சுருக்குதல் என்று பெயர். எண் சிறியதாகும். அளவு மாறாது.

அந்தக் காலத்தில் ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் முதல் 100 காசு. நாலணா 4/16, 25 காசு 25/100. இரண்டையும் சுருக்கினால் 1/4. அதனால்தான் 25 காசையும் மக்கள் நாலணா என்றே சொன்னார்கள்.

மேற்கு வங்காளத்தில் பலர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுகிறார்கள். விளைச்சலில் பங்குதான் அவர்கள் கூலி. அவர்களுக்குப் பர்காதார் என்று பெயர். ஏர், மாடு, உரம், விதை எல்லாம் நிலக்காரர் கொடுத்தால் பாதிக்குப் பாதி. கொடுக்காவிட்டால் உழுதவருக்கு 100-க்கு 75. இது அங்குள்ள சட்டம். 1978-இல் தொடங்கி லட்சக்கணக்கான பர்காதார்களின் பெயர்களை அரசு பதிவு செய்தது.

அப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். விதையும் உரமும் அவர்களுடையவை. களத்தில் 36 மூட்டை நெல். நிலக்காரர் 24 மூட்டையை ஒதுக்கி, "இது உங்கள் பங்கு" என்கிறார். குவியல் பெரிதாகத்தான் தெரிகிறது. கணவர் தலையாட்டிவிட்டார். மனைவி குச்சியை எடுத்து மண்ணில் எழுதினார்: 24/36.

இரண்டையும் பாதியாக்கினார்: 12/18. மறுபடி பாதி: 6/9. இனிப் பாதியாக்க முடியாது. மூன்றால் வகுத்தார்: 2/3. இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக வகுக்கும் எண் ஒன்றைத் தவிர வேறு இல்லை. அங்கே நிறுத்தினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வகுக்க வேண்டும், கழிக்கக் கூடாது. 24-லும் 36-லும் 12-ஐக் கழித்தால் 12/24, அதாவது பாதி ஆகிவிடும். கணக்கே கெட்டுப்போகும்.

சட்டம் சொல்வது மூன்றில் இரண்டு அல்ல, நான்கில் மூன்று. 36-இல் கால் பங்கு 9. முக்கால் 27.

"ஐயா, எங்களுக்கு இன்னும் மூன்று மூட்டை வர வேண்டும்" என்றார் அந்த அம்மா. நிலக்காரர் குனிந்து மண்ணில் இருந்த கணக்கைப் பார்த்தார்.