தலைப்புச் செய்தியும் நம் மனக்கணக்கும்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய செய்தித்தாளை மற்ற ஊர்க்காரர்கள் எடைக்குப் போடுவார்கள். விருத்தாசலத்தில் நாம் அதில் பொம்மை சுற்றுவோம். அடுத்த நவராத்திரிக்குப் பரணிலிருந்து இறக்கிப் பிரிக்கும்போது, பொம்மையைவிடச் சுற்றியிருந்த தாளே சுவாரசியமாக இருக்கும். அந்தத் தலைப்புகளைப் படித்து, "நம் ஆட்கள் பயந்தபடியே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று யோசித்துப் பாருங்கள். வங்கியில் கணக்கு எழுதிய பழக்கத்தில் நானும் ஒரு பக்கம் பயத்தையும் மறுபக்கம் நடந்ததையும் எழுதிப் பார்த்தேன்.

முதலில் 1962 பிப்ரவரி. மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்கின்றன, 3 முதல் 5ஆம் தேதிக்குள் உலகத்துக்கே ஆபத்து என்று நாடெங்கும் பேச்சு. யாகங்கள் நடந்தன. பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த 5ஆம் தேதி திங்கட்கிழமை. உலகம் ஞாயிற்றுக்கிழமை அழியும் என்று நம்பியவரிடம் கடன்காரர் வந்து நின்றால் என்ன சொல்லியிருப்பார்? "திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக வட்டியும் முதலுமாகத் தந்துவிடுகிறேன்" என்றுதான். நடந்தது என்ன? திங்கட்கிழமை வந்தது, கடன்காரரும் வந்திருப்பார். அதே மாதத்தில் பொதுத் தேர்தலும் நடந்தது. உலகம் அழியப் போகிறதே என்று யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை.

அடுத்தது 1979 ஜூலை. அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் கீழே விழப்போகிறது என்ற செய்தி. எடை 70 டன்னுக்கு மேல். எங்கே விழும் என்று விட்டவர்களுக்கே துல்லியமாகத் தெரியவில்லை. நம் ஊர்ச் சூளையின் மேல் விழுந்திருந்தால்? அடுக்கி வைத்த கோப்பை, ஜாடி, பொம்மை எல்லாம் தூள். அதற்கு இழப்பீடு கேட்டு மனு எழுத வேண்டும். "சேதத்துக்குக் காரணம்" என்ற இடத்தில் "அமெரிக்கா விழுந்தது" என்று எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, மூன்று நகல் இணைக்க வேண்டும். "எந்த அமெரிக்கா? சர்வே எண் என்ன?" என்று அந்த மனு திரும்பி வந்திருக்கும்.

உண்மையில் அது உடைந்து இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் உள்ளாட்சி மன்றம், எங்கள் ஊரில் குப்பை போட்டதற்காக என்று விளையாட்டாக அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு 400 டாலர் அபராதம் எழுதியது. காலி மனையில் குப்பை கொட்டுகிறவர்கள் விஷயத்தில் நம் சங்கம் பின்பற்றத்தக்க முன்மாதிரி இது.

மூன்றாவது 1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவி, கடல் தாண்டியும் போனது. அது தினசரி வழக்கமாகியிருந்தால், படியிறங்கிப் போய்க் கும்பிடுகிற நம் ஆழத்துப் பிள்ளையார் சந்நிதியில் தூக்குப் பாத்திர வரிசை எங்கே போய் நின்றிருக்கும்? கொலுப் பிள்ளையார் ஒவ்வொருவருக்கும் கால் லிட்டர் என்றால், வீட்டில் காபிக்கு ஏது பால்? விஞ்ஞானிகள் வண்ணம் கலந்த பாலை வைத்துப் பார்த்து, பரப்பு இழுவிசையால் பால் சிலைமேல் படர்ந்து வழிகிறது என்று காட்டினார்கள். சுட்ட மண்ணுக்கு மெருகு பூசாவிட்டால் அது ஈரத்தை இழுக்கும் என்பது நம் ஊர்த் தொழிலாளிக்குப் படிக்காமலே தெரிந்த பாடம். பக்தி அதனால் குறைந்துவிடவில்லை, பிள்ளையார் அங்கேயேதான் இருக்கிறார்.

நான்காவது உங்களுக்கே நினைவிருக்கும். 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. அதோடு ஒரு கதையும் வந்தது: புதிய 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, மண்ணுக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று. அது மட்டும் உண்மையாக இருந்திருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு வசதி! மூக்குக் கண்ணாடியோடு ஒரு நோட்டைக் கட்டி வைத்திருப்பேன். கண்ணாடி எங்கே என்று வீட்டில் யாரையும் கேட்க வேண்டாம், செயற்கைக்கோளைக் கேட்டால் போதும். சிப் எதுவும் இல்லை. 2023 மே மாதம் அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

இதுவரை சிரித்தோம். ஐந்தாவதில் சிரிப்பு வரவில்லை. அதற்குத் தலைப்புச் செய்திகூடத் தேவைப்படவில்லை, வெறும் வாய்ப்பேச்சு போதுமாக இருந்தது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற பேச்சைத்தான் சொல்கிறேன். ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது, 15 கோடு போட்டது போலி, 10 கோடு போட்டதுதான் அசல் என்றெல்லாம் சொன்னார்கள். 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொன்னது: 14 வடிவங்களில் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை 1000 ரூபாய் வரை கொடுத்துக் கடன் தீர்க்கலாம். பத்து ரூபாய் நாணயம் என்றால் நூறு.

ஆனாலும் தயக்கம் முழுதாகப் போனதா? உங்கள் வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். பயமுறுத்துகிற செய்தி முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும், டீக்கடை வாசலில் போஸ்டராகவும் தொங்கும். "பயம் வேண்டாம்" என்ற செய்தி உள்பக்கத்தில் நாலு வரியாக வரும். முதலாவது எல்லோரையும் எட்டுகிறது. இரண்டாவதைத் தேடிப் படித்தவர்தான் அறிகிறார்.

இதில் நஷ்டம் யாருக்கு? நமக்கு அதிகமில்லை. வங்கிக் கணக்கு இருக்கிறது, கைப்பேசியில் பணம் அனுப்பிவிடுவோம். காலையில் கீரை கொண்டுவரும் அம்மாவுக்கும், தெருமுனையில் பூக்கட்டுகிறவருக்கும் அன்றைய வருமானமே அந்தச் சில்லறைதான். ஒருவர் கொடுத்த நான்கு நாணயங்களை அடுத்த கடைக்காரர் வாங்க மறுத்தால், அவர்களுக்கு அன்றைக்கு 40 ரூபாய் இல்லை. உலகம் அழியும் என்ற பேச்சில் உலகம் அழியவில்லை. இந்தப் பேச்சில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு முடங்கிப் போகிறது.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எந்தச் செய்தியையும் அனுப்புமுன், யார் சொன்னது, எந்தத் தேதி, தலைப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அனுப்பாதீர்கள். பத்து ரூபாய் நாணயத்தை யார் கொடுத்தாலும் வாங்குங்கள், நீங்களும் கொடுங்கள். எதிரில் நிற்பவர் தயங்கினால், செல்லும் என்று ஒரு நிமிடம் நின்று சொல்லிவிட்டு வாருங்கள். நாலு பேர் சொன்னதால் பரவிய பயம், நாலு பேர் சொன்னால் போகவும் செய்யும்.