முறத்தில் கிடந்த தாஜ்மகால்

(‘பெரியவர்களின் விளையாட்டு குடும்பத்துக்கு இன்பமா? இடைஞ்சலா?’ என்ற தலைப்பில் டி. கல்லுப்பட்டியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘இன்பமே’ அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னால பேசின சகோதரி, பேர் சொல்லாம ஒருத்தரை வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. “அந்த மனுஷனுக்கு 57 வயசு. முனைவர் பட்டம் வாங்கியிருக்காரு. பகல்ல காலேஜுல தொல்காப்பியம் நடத்துறாரு. ராத்திரி ஆனா தரையில சம்மணம் போட்டு உக்காந்து பிளாஸ்டிக் செங்கல் அடுக்குறாரு. இந்தக் குடும்பம் வெளங்குமா?”ன்னு கேட்டாங்க. நடுவர் அவர்களே, அந்த மனுஷன் வேற யாருமில்ல. உங்க முன்னால நிக்கிற நான்தான். (சிரிப்பு, கைதட்டல்)

சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டம்மாவும் இந்தச் சகோதரியும் ஒண்ணா ஒரே பஸ்ஸுல மதுரைக்குப் போறவங்க. (சிரிப்பு)

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். லெகோன்னு ஒரு கட்டை. மேல குமிழ் குமிழா இருக்கும். ஒன்று மேல ஒன்று வச்சு அழுத்தினா ‘டக்’குன்னு பிடிச்சுக்கும். இழுத்தா கழண்டு வந்துடும். எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறக் கட்டை ஆறே ஆறு எடுத்துக்குங்க. அதை எத்தனை விதமாச் சேர்க்கலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் ஒருத்தர் கணினியை வச்சுக் கணக்குப் போட்டாரு. 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்! ஆறு கட்டைக்கே இந்தப் பாடு. எங்க வீட்டுல 2,022 துண்டு இருக்கு.

“குழந்தை விளையாடுற பொம்மை”ன்னு சகோதரி சொன்னாங்க. நான் சும்மா வரலை, அட்டைப் பெட்டியைக் கையோட கொண்டாந்திருக்கேன். கேமராக்காரத் தம்பி, இங்க கொஞ்சம் காட்டுங்க. மூலையில என்ன போட்டிருக்கு? 18, பக்கத்துல ஒரு கூட்டல் குறி. 18 வயசுக்கு மேல்! 2020-இலிருந்து பெரியவங்களுக்குன்னே தனியா இப்படிப் போட்டு விக்கிறாங்க. ஓட்டுப் போடுற வயசு வந்தாத்தான் இதைத் தொடலாம். (கைதட்டல்) நான் தகுதியோடதான் விளையாடுறேன், நடுவர் அவர்களே.

இன்னொண்ணு கேக்குறேன். சகோதரி வீட்டுல வருஷா வருஷம் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறாங்க. விளாச்சேரிக்கே நேரா போயி, புதுசா எந்த மண் பொம்மை வந்திருக்குன்னு பாத்து வாங்கிட்டு வர்றாங்க. ஒன்பது படி கட்டுறாங்க. கீழ மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்க வச்சுப் பூங்கா, கண்ணாடித் துண்டை வச்சுக் குளம், தீப்பெட்டியில வீடு. போய்ப் பாத்திருக்கேன், சுண்டலும் சாப்பிட்டிருக்கேன், பிரமாதம். அம்மா அடுக்கினா கலை, அய்யா அடுக்கினா கிறுக்கா? (பலத்த கைதட்டல்) பொம்மையைச் சேக்குறதும், அதை வச்சு ஒரு சின்ன ஊரைக் கட்டுறதும் இந்த நாட்டுல பெரியவங்க செய்யிற காரியம்தான். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போங்க. 2023-இல திறந்தாங்க. தாயக்கட்டையும், ஆட்டக் காய்களும், ஓட்டுச் சில்லும் வச்சிருக்காங்க. அதெல்லாம் பச்சைப் பிள்ளைக மட்டும் உருட்டினதா?

தீப்பெட்டின்னு சொன்னேன். அந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும்.

எங்க அம்மா பிறந்தது சாத்தூர் பக்கம். பள்ளிக்கூட லீவு விட்டா அம்மாச்சி வீடு. அங்க திண்ணை பூரா தீப்பெட்டி. கம்பெனியில இருந்து குச்சிப் பட்டையும் தாளும் வரும். அம்மாச்சி, சித்தி எல்லாரும் உக்காந்து பசை தடவி அடிப்பெட்டி, மேல்பெட்டின்னு ஒட்டிக் காயப் போடுவாங்க. கணக்கு குரோஸ். 144 பெட்டி ஒரு குரோஸ். எனக்கு ஏழு வயசு இருக்கும். காய்ஞ்ச பெட்டியெல்லாம் எடுத்து அடுக்கி ஒரு கோபுரம் கட்டினேன். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம்னு நெனப்பு. என் உசரத்துக்கு வந்துட்டுது. அப்ப ஒரு காத்து அடிச்சுது. அவ்வளவும் சரிஞ்சு, அந்தப் பக்கம் ஈரத்தோட கிடந்த பெட்டி மேல விழுந்து, எல்லாம் ஒட்டிக்கிச்சு. அம்மாச்சி என்னை அடிக்கலை. அடிச்சிருந்தா மறந்திருப்பேன். உக்காந்து, ஒவ்வொரு பெட்டியாப் பிரிச்சுப் பாத்து, கெட்டுப் போனதை எண்ணினாங்க. எண்ணி முடிச்சுட்டு, “இது இன்னைக்கு அரிசிடா அய்யா”ன்னாங்க.

அதோட சரி. அதுக்கப்புறம் அம்பது வயசு தாண்டுற வரைக்கும் நான் எதையும் அடுக்கலை.

இந்தக் கட்டை விளையாடுற பெரியவங்க ஒரு சொல் வச்சிருக்காங்க. சின்ன வயசுல விட்டுட்டு, பெரியவனாகித் திரும்ப வர்ற வரைக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கே, அதுக்குப் பேரு ‘இருண்ட காலம்’. நான் தமிழ் வாத்தியார். எங்களுக்கு இருண்ட காலம்னா களப்பிரர் காலம்தான். எனக்குள்ள ஒரு களப்பிரர் ஆட்சி நாப்பத்தஞ்சு வருஷம் நடந்திருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. (சிரிப்பு)

இந்தக் கட்டையைச் செஞ்சவன் கதையும் அரிசிக் கதைதான். டென்மார்க் நாட்டுல பில்லுண்டுன்னு ஒரு சின்ன ஊர். நம்ம கல்லுப்பட்டி மாதிரி. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்னு ஒரு தச்சர். வீடு கட்டிக் கொடுக்கிறவர். உலகமெல்லாம் பொருளாதாரம் படுத்தபோது வீடு கட்ட யாரும் வரலை. 1932-இல் மனைவி இறந்து போறாங்க. வீட்டுல நாலு ஆம்பளப் பிள்ளைக. கையில வேலை இல்லாத அந்த வருஷத்துல அவர் மரப் பொம்மை செய்ய ஆரம்பிச்சாரு. 1934-இல் லெகோன்னு பேர் வச்சாரு. டேனிஷ் மொழியில ‘நல்லா விளையாடு’ங்கிறதைச் சுருக்கின பேரு. 1942-இல் பட்டறை எரிஞ்சு போச்சு. மறுபடி கட்டினாரு. 1949-இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அது முழுக்க அவங்க மூளை இல்லை, இங்கிலாந்துல ஹிலாரி பேஜ்ங்கிறவர் அதுக்கு முன்னாலேயே அந்த மாதிரி செஞ்சிருந்தாரு. அந்தக் கட்டை உள்ளே வெறும் பொந்து, பிடிமானம் கிடையாது. கட்டைக்கு அடியில குழாய் வச்சு, மேல் குமிழ் அதைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி செஞ்சு, அவர் மகன் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். அன்னைக்குச் செஞ்ச கட்டையும் இன்னைக்கு வாங்குற கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

தச்சர்னதும் எனக்குக் குறுந்தொகை ஞாபகம் வருது. 61-ஆவது பாட்டு, தும்பிசேர் கீரனார் பாடினது. தச்சன் ஒரு சின்ன வண்டி செஞ்சு கொடுக்கிறான். பிள்ளைகள் அதுல ஏறிப் போக முடியாது. கையால இழுத்துக்கிட்டு ஓடுறதுலேயே அதுகளுக்கு இன்பம். ‘இன்பமா, இடைஞ்சலா’ன்னு தலைப்பு வச்சீங்களே, கீரனார் தீர்ப்பே எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு! (கைதட்டல்) அதைவிட முக்கியம், அந்தப் பாட்டு குழந்தையைப் பத்தினது இல்லை. தலைவியோட நிலைமையைத் தோழி சொல்லுற இடம். வளர்ந்த மனுஷங்களோட மனசைச் சொல்ல, புலவருக்கு அந்தப் பொம்மை வண்டிதான் தேவைப்பட்டிருக்கு.

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டாரு. “அய்யா, இது ஜே.சி. குமரப்பா வாழ்ந்த மண்ணு. காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிற ஊரு. இங்க நின்னுக்கிட்டு வெளிநாட்டுப் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குறீங்களே”ன்னு. சுருக்குன்னு தச்சது. 1960-இல் மறையிற வரைக்கும், கடைசி வருஷங்களை நம்ம ஊர்ல கழிச்ச மகான். இயற்கையில எடுத்தா திருப்பிக் கொடுக்கணும்னு நிலைத்த பொருளாதாரத்தை எழுதினவர். அவர் முன்னால இந்தப் பெட்டியை வச்சா என்ன சொல்வாரோ, எனக்குப் பயம்தான். 1997-இல் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்துல ஒரு கப்பல்ல இருந்து பெட்டகங்கள் கடல்ல விழுந்தது. அதுல ஒண்ணுல 48 லட்சம் லெகோ துண்டு. அதுக்கப்புறம் எத்தனையோ வருஷமா கரையில ஒதுங்கிக்கிட்டே இருக்கு. மக்கிப் போகாத பொருள். அதை நான் மறைக்கலை. ஆனா அதே ஆசிரமத்துல ஆதாரக் கல்வின்னு எதைச் சொன்னாங்க? கையை வேலை செய்ய விட்டா மனசு கத்துக்கும்னு சொன்னாங்க. அந்தப் பாதியை நான் பிடிச்சுக்கிறேன். மீதிப் பாதிக்குத் தம்பி ஜெயிச்சுட்டாருன்னே வச்சுக்குங்க.

இன்னும் ஒரு இடத்துல நான் என் அணிக்கே எதிரா பேச வேண்டியிருக்கு. எங்க அணியில முதல்ல பேசினவர், “வாங்கிப் பிரிக்காம வையுங்க, தங்கம் மாதிரி விலை ஏறும்”னாரு. வேண்டாம் சாமி. 2008-இல் 5,922 துண்டுல பெரிய தாஜ்மகால் ஒண்ணு போட்டாங்க. கொஞ்ச வருஷத்துல நிறுத்திட்டாங்க. பிரிக்காத பெட்டிக்குச் சேகரிப்பவங்க மத்தியில விலை எங்கேயோ போச்சு. 2017-இல் கம்பெனிக்காரன் அதையே திரும்பப் போட்டான், 5,923 துண்டு. கூட ஒரே ஒரு துண்டு! பரண்ல பூட்டி வச்சிருந்தவன் கதி என்னாச்சு? விலை சரிஞ்சுது.

செலவு விஷயத்துல எங்க வீட்டம்மா பக்கம்தான் நியாயம். போன வருஷம் அரியர்ஸ் பணம் வந்துது. மாடிக்குத் தட்டோடு பதிக்க வச்சிருந்த பணம். அதுல எட்டாயிரத்தை எடுத்து ஒரு பெட்டி வாங்கி, பீரோவுல வேட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சேன். கண்டுபிடிச்சுட்டாங்க. “வாங்கினதுக்குக் கோவமில்ல, ஒளிச்சதுக்குத்தான்”னாங்க. அந்த மழைக்கு மாடியில ஒழுகின இடம் என் படுக்கைக்கு நேர் மேல. (சிரிப்பு)

சரி, இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்லணும்ல?

2021. ஊரடங்கு நேரம். பெரியவன் வேலையை வீட்டுல இருந்தே பாக்குறேன்னு கல்லுப்பட்டிக்கு வந்துட்டான். எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை இல்லாம பதினோரு மாசம் ஆயிருந்துது. பேங்க் பரீட்சை எழுதச் சொன்னேன், பெயிலாயிட்டேன்னு சொன்னான். என்னைக் கேக்காமலே ஒரு தனியார் வேலையில சேர்ந்துட்டான். ஒரே வீடு. “அவன் சாப்பிட்டானா?”, “உங்கப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா?” எல்லாம் அவங்கம்மா வழியாத்தான் போயிட்டு வரும்.

ஒரு நாள் கூரியர்ல பெட்டி வந்தது. 2,022 துண்டு, தாஜ்மகால். 28 வயசுல பொம்மையான்னு எனக்கு எரிச்சல். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா, கூடத்துல விளக்கு எரியுது. அவங்கம்மா முறத்தை எடுத்து வச்சுக்கிட்டு, அதுல வெள்ளைத் துண்டாக் கொட்டித் தேடிக்கிட்டிருக்கான். தாஜ்மகால்ல பெரும்பாலும் வெள்ளை. எல்லாம் அரிசி மாதிரி ஒண்ணா கெடக்கு. எனக்கு என்ன தோணுச்சோ, உக்காந்தேன். அவன் நிமிர்ந்து பாக்கலை. “ஒத்தைக் குமிழ் உள்ளதை மட்டும் தனியா எடுங்கப்பா”ன்னான். பதினோரு மாசத்துக்கு அப்புறம் அவன் என்கிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான்.

மூணு ராத்திரி. ரெண்டு பேரும் குனிஞ்சே இருக்கோம். முகத்தைப் பாக்க வேண்டியதில்லை. கை பாட்டுக்கு வேலை செய்யுது, வாய் பாட்டுக்கு ஏதோ பேசுது. மூணாம் நாள், கோபுரத்துல பாதியை நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன், அவன் கீழ இருந்து சொருகணும். அப்பத்தான் சொன்னான்: “அப்பா, அந்தப் பரீட்சையில நான் பெயிலாகலை. எழுதவே இல்ல. உள்ள போகப் பயமா இருந்துச்சு. வாசல்லயே உக்காந்திருந்துட்டு வந்துட்டேன்.”

வேற நேரமா இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியும். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆனா கையில கோபுரம். விட்டா விழுந்துடும். தீப்பெட்டி சரிஞ்சது எனக்கு மறக்கலை. அம்மாச்சியும் அன்னைக்குக் கத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு, “அந்த நீட்டுத் துண்டை எடுய்யா”ன்னேன். எடுத்துக் கொடுத்தான். அவன் கை நடுங்கிக்கிட்டிருந்துது.

கட்டி முடிச்சோம். அந்த தாஜ்மகாலுக்குள்ள ஷாஜகானுக்கும் மும்தாஜுக்கும் சின்னதா சமாதிகூட வச்சிருக்கான். “ராத்திரி பூரா முழிச்சு சமாதி கட்டினீங்களா”ன்னு வீட்டம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. (சிரிப்பு) பாத்தா, முறத்துல இன்னும் கொஞ்சம் துண்டு மிச்சம் கெடக்கு. எனக்குப் பதறிப் போச்சு, எங்கேயோ வைக்காம விட்டுட்டோம்னு. “இல்லப்பா, பொடித் துண்டு தொலைஞ்சுடும்னு எப்பவும் ஒண்ணு ரெண்டு கூடவே போடுவாங்க”ன்னான். அந்த மிச்சத்தை அவங்கம்மா அஞ்சறைப் பெட்டியில ஒரு குழியில போட்டு வச்சாங்க. இன்னைக்கும் கடுகுக்குப் பக்கத்துல இருக்கு.

நடுவர் மணியில கை வச்சுட்டாரு, முடிச்சுடுறேன். பெரியவன் இப்ப சென்னையில இருக்கான். போன வாரம் போன் பண்ணினான். “அப்பா, ஒண்ணு வாங்கியிருக்கேன். நீங்க இல்லாம பிரிக்க மனசு வரலை. பொங்கலுக்கு எடுத்துட்டு வரட்டா?”ன்னான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்கம்மா போனைப் பிடுங்கி, “கொண்டா. ஆனா பொங்கலுக்கு அரிசி புடைக்கணும், முறத்தை எவனாச்சும் தொட்டீங்க...”ன்னாங்க. (மணி அடிக்கிறது)

மதுரையில புது முறம் ஒண்ணு வாங்கிட்டேன், நடுவர் அவர்களே. (சிரிப்பு, கைதட்டல்)