முதலில் வருபவரின் இரண்டு வேலைகள்



இந்தப் பட்டமளிப்பு விழா அரங்கில் எத்தனையோ பேரிடம் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கும். தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்து வாங்கிய அந்தத் தாள் கட்டணச் சலுகைக்காகக் கொடுக்கப்பட்டது. ஆனால் அதில் எழுதியிருக்கும் செய்தி பெரியது. இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் இந்தப் படியில் ஏறியதில்லை என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டுச் சொல்கிறது. முடிச்சூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் மண்ணிவாக்கத்திலிருந்தும் பேருந்திலும் மின்சார ரயிலிலும் வந்து படித்த உங்களுக்கு, வழியே இல்லாத இடத்தில் முதலில் போன சில பெண்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அவர்கள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள். நம் கல்லூரி இருக்கும் இந்த இரும்புலியூரின் வெயிலுக்கும் அந்த ஆட்டத்துக்கும் வெகுதூரம். அவர்கள் பட்ட பாட்டுக்கும் நீங்கள் பட்ட பாட்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை.

முதலில் பின்லாந்துக்குப் போவோம். ரீக்கா சல்லினென் 1973இல் பிறந்தவர். 1998இல் ஜப்பானின் நகானோ நகரில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பின்லாந்து வெண்கலம் வென்றது. அந்தப் போட்டித் தொடரிலேயே அதிகப் புள்ளிகள் குவித்தவர் இவர்தான். 2003இல் விளையாட்டிலிருந்து விலகினார். பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல், திரும்பவும் களத்தில் இறங்கினார். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் தன் 44ஆம் வயதில் மறுபடியும் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார். அடுத்த ஆண்டு எஸ்போ நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் வெள்ளி.

இதை ஒரு தனி மனுஷியின் மன உறுதி என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பின்லாந்தில் பெண்களுக்கான தேசிய லீக் 1982இலேயே தொடங்கிவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தபோது திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது. பனிக்களம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், எதிரணி இருந்தது. அதையெல்லாம் யாரோ சிலர் முன்னமே கட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஐஸ் ஹாக்கியை வேரூன்றச் செய்தவர்கள் ராணுவத்தினர். குளிர்காலத்தில் குளம் உறையும். உறையாத இடத்தில் மண்ணைச் சமன்செய்து, இரவில் தண்ணீர் ஊற்றி, அது உறைந்ததும் மேலே மறுபடியும் ஊற்றிக் களம் அமைப்பார்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் அந்தப் பனி நிற்கும். அந்த இரண்டு மாதத்திலும் ஆண்கள் ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு நேரம் கிடைத்தது. ஆண்களுடைய பழைய மட்டைகளும் அளவு பொருந்தாத காப்புக் கவசங்களும்தான் அவர்களுக்கு உபகரணமாக இருந்தன.

அப்படிக் கற்ற பெண்கள் 2016இல் இந்தியாவின் முதல் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியாகத் தைபேயில் நடந்த ஆசிய சவால் கோப்பைக்குப் போனார்கள். ஆடிய ஆட்டங்களில் எல்லாம் தோல்வி. அடுத்த ஆண்டு பாங்காக் போட்டிக்குப் போகப் பணம் இல்லை. பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். முன்பின் தெரியாத பலர் கொடுத்தார்கள். 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வென்றார்கள். பன்னாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் வெற்றி அது.

அந்த அணியின் கோல்கீப்பர் நூர் ஜஹான் பழைய ஓவியங்களையும் கலைப்பொருட்களையும் செப்பனிட்டுப் பாதுகாக்கும் தொழில் செய்பவர். அவரைப் போலப் பலரும் வேலைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் ஆடியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சிறுமிகளுக்கு ஸ்கேட் கட்டிவிட்டுக் கற்றுக்கொடுத்தார்கள். லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கென்று ஓர் அறக்கட்டளையை உருவாக்கினார்கள். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் லேவுக்கு வந்து அவர்களோடு ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் லடாக் பெண்கள் அவர் நடத்திய ஐஸ் ஹாக்கி விழாவுக்காகக் கனடாவின் கால்கரிக்குப் போனார்கள். இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் பெண் பிள்ளைகள் மட்டையை எடுத்தார்கள்.

2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஆசியக் கோப்பை நடந்தது. செவாங் சுஸ்கித் தலைமையில் ஆடிய இந்திய அணி வெண்கலம் வென்றது. இந்தப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம். எல்லா ஆட்டத்திலும் தோற்ற ஆண்டுக்கும் இதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

மாணவச் செல்வங்களே, நான் சொல்ல வந்தது இதுதான். முதலில் வருபவருக்கு இரண்டு வேலை. ஒன்று, ஆடுவது. இன்னொன்று, ஆடுகளம் அமைப்பது. பின்னால் வருபவருக்கு முதல் வேலை மட்டும்தான். ஆகவே இருவருடைய மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் பக்கத்தில் உட்காரும் இன்னொரு பட்டதாரிக்கு எந்தப் பாடம் எடுப்பது, எந்தப் படிவம் நிரப்புவது, யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நீங்கள் அதையெல்லாம் தடுமாறித் தடுமாறி நீங்களே கண்டுபிடித்தீர்கள். அந்தத் தடுமாற்றத்தைத் தகுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நீங்கள் செய்த இரண்டாவது வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கஷ்டப்பட்டால்தான் சாதிக்கலாம் என்று பேசிப் பேசி, கஷ்டத்தையே நாம் போற்றத் தொடங்கிவிடுகிறோம். லடாக் பெண்களுக்குக் கிழிந்த கையுறை தேவைப்படவில்லை. நல்ல கையுறைதான் தேவைப்பட்டது. டேராடூனில் 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய செயற்கைப் பனி அரங்கம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மறுபடியும் திறந்தது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஆட்டம் போனது என்று எண்ணிப் பாருங்கள். நாளை உங்களில் சிலர் அதிகாரியாகக் கோப்பில் கையெழுத்திடும் நிலைக்கு வருவீர்கள். அப்போது பூட்டிக் கிடக்கும் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் ஆய்வுக்கூடத்தையும் திறக்கும் கையெழுத்தை முதலில் போடுங்கள்.

பனி அரங்கம் இல்லாமலேயே நம் ஊர்ப் பிள்ளைகளும் சறுக்கியே உயர்ந்திருக்கிறார்கள். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் 3,000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் நால்வரில் சென்னையின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் உண்டு. பனியே பெய்யாத ஊரில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள்.

ஐஸ் ஹாக்கியில் ஒரு முறை இருக்கிறது. ஒரு வீராங்கனை ஒரே மூச்சில் களத்தில் நிற்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் உடம்பில் உள்ள சக்தி முழுவதையும் செலவிட்டுவிட்டு வெளியே வருவார். ஆட்டம் நிற்காமலே அடுத்தவர் உள்ளே பாய்வார். எதையும் மிச்சம் பிடித்து வைப்பவருக்கு அங்கே இடமில்லை. அடுத்தவருக்கு வழிவிடாதவருக்கும் இடமில்லை.

நீங்கள் பெறும் பட்டத்தோடு அப்படி ஆடுங்கள். உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை, எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் என்று உங்களுக்கு யாரும் சொல்லாததை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள். முதல் தலைமுறை என்ற சான்றிதழ் உங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படப் போவதில்லை. உங்கள் தெருவில் யாருக்குமே தேவைப்படாத நாள் வர வேண்டும். அதைக் கொண்டுவரும் பொறுப்பு உங்களுடையது.