மலிந்த விலையும் மனித உரிமையும்

(கமக்காரரும் சட்டத்தரணிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

   

பிறநாட்டுப் பண்டங்களை இறக்குமதி செய்யும் ஓர் அரசாங்கம் விலையை மட்டும் பார்த்தாற் போதுமா? அல்லது அப்பண்டத்தை ஆக்கியவன் எந்நிலையில் நின்று ஆக்கினான் என்பதையும் பார்த்தல் வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை கூறுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். இது பொருளியல் வல்லுநர்க்கு மட்டும் உரிய வினாவன்று. கடையிற் சாமான் வாங்கும் ஒவ்வொருவரும் விடையிறுக்க வேண்டிய வினா.

நம் ஊர்களில் எல்லோரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஒருவன் இரவோடு இரவாக நல்ல உழவுமாடொன்றைக் கொண்டுவந்து, சந்தை விலையில் அரைவாசிக்குத் தருகிறேன் என்கிறான். மாட்டின் குறியையும் பாராமல், உரிமைச் சீட்டையும் கேளாமல் அதனை வாங்கியவனை ஊரார் கெட்டிக்காரன் என்பார்களா? களவுமாடு வாங்கியவன் என்றே சொல்வார்கள். சட்டமும் அதனையே சொல்கிறது. இந்நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, களவு நடந்த சிறிது காலத்துக்குள் களவுபோன பொருளைக் கையில் வைத்திருப்பவன் அது தன்னிடம் வந்த வகையை விளக்காவிடின், அவனே கள்வன் என்றோ, களவுப் பொருளென்று அறிந்தே வாங்கியவன் என்றோ மன்று ஊகிக்கலாம் என்று உரைக்கின்றது. விளக்கம் சொல்ல வேண்டியவன் பொருளை வைத்திருப்பவனே.

மாட்டுக்கு இந்த நீதி உண்டு. மனிதனுடைய உழைப்பைக் களவெடுத்து ஆக்கிய பண்டத்துக்கு மட்டும் ஏன் இல்லை? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட வழக்கு.

சீனி சொல்லும் பாடம்

இவ்வழக்கு புதியதன்று. 1791ஆம் ஆண்டில், அடிமை வியாபாரத்தை ஒழிக்க வில்பர்போஸ் கொண்டுவந்த பிரேரணையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் தோற்கடித்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைத்த சீனியை உண்ணமாட்டோம் என்று அந்நாட்டின் பல்லாயிரம் குடும்பங்கள் அதன்பின் உறுதி பூண்டன. வாக்குரிமை இல்லாத பெண்கள் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார்கள். வாக்குச் சீட்டு இல்லாதவர்களுக்குத் தேநீர்க் கோப்பையே வாக்குச் சீட்டாயிற்று. 1807இல் அடிமை வியாபாரமும், 1833ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அடிமைமுறையும் ஒழிந்தன. ஒழித்தபோதும், எசமானர்களுக்கே 2 கோடி பவுண் நட்டஈடு கொடுக்கப்பட்டது. அடிமையாய் உழைத்தவனுக்கு ஒரு சதமும் கிட்டவில்லை என்பதையும் மறவாதிருப்போம்.

அதன்பின் நடந்ததே நமது ஆராய்ச்சிக்கு உரியது. பிரேசிலிலும் கியூபாவிலும் அடிமைமுறை நீடித்தது. அங்கு விளைந்த சீனி மலிவானது. 1844இல் பிரித்தானியா பிறநாட்டுச் சீனியை இரு வகையாகப் பிரித்தது. சுதந்திரத் தொழிலாளர் விளைத்த சீனிக்குக் குறைந்த தீர்வை; அடிமைகள் விளைத்த சீனிக்கு உயர்ந்த தீர்வை. பண்டம் ஒன்றே, சுவை ஒன்றே, ஆயினும் ஆக்கியவனின் நிலைமையைப் பார்த்துச் சட்டம் வேற்றுமை செய்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1846இல், ரசல் பிரபுவின் அரசாங்கம் அவ்வேற்றுமையை நீக்கி, எல்லாச் சீனிக்கும் படிப்படியாக ஒரே தீர்வை என்று சட்டமியற்றியது.

அன்று கூறப்பட்ட நியாயங்கள் அற்பமானவையல்ல. ஏழைத் தொழிலாளியின் காலையுணவுக்குச் சீனி மலிவாய்க் கிடைக்க வேண்டும் என்றார்கள். அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியை நாள்தோறும் வாங்கி நெய்துகொண்டு, சீனியில் மட்டும் மனச்சாட்சியைக் காட்டுவது பாசாங்கு என்றார்கள். எதிர்த்து நின்ற மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளோ, நேற்றுவரை தாமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். தம் இலாபத்தைக் காக்கவே மனிதாபிமானம் பேசினார்கள். உண்மையான அடிமை ஒழிப்பாளர்களும் இரு கூறாகப் பிரிந்தார்கள்.

மலிவு வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் பிரேசிலுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆபிரிக்க அடிமைகளின் தொகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50,000 ஆக உயர்ந்தது. பிரேசில் அவ்வியாபாரத்தை உறுதியாக நிறுத்தியது 1850இல். கியூபாவில் அடிமைமுறை 1886 வரையும், பிரேசிலில் 1888 வரையும் நீடித்தது.

தமிழன் ஏறிய கப்பல்

இந்தச் சீனிக் கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. விடுதலை பெற்ற ஆபிரிக்கர் பழைய கூலிக்குக் கரும்புத் தோட்டத்தில் நிற்க மறுத்தனர். மலிந்த சீனியோடு போட்டியிட வேண்டிய தோட்ட முதலாளிகள் மலிந்த கைகளைத் தேடினர். அக்கைகள் இந்தியாவிற் கிடைத்தன. 1834 முதல் மொரீசியசுக்கும், 1838இல் பிரித்தானியக் கயானாவுக்கும், 1845இல் திரினிடாட்டுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். 1860இல் நேற்றால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் சென்ற முதற் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. அதில் ஏறியோருள் தமிழர் பலர். ஒப்பந்தத்தை மீறினால் குடியியல் வழக்கன்று, சிறைத்தண்டனை! வேலையை விட்டு விலகுவதே குற்றமாயின், அதற்குக் கூலி என்று பெயரிட்டால் என்ன, அடிமை என்று பெயரிட்டால் என்ன?

இலங்கை மலைநாட்டில் முறை வேறு, துயரம் வேறன்று. தேயிலை பறித்த நம் உடன்பிறப்புக்களின் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையும் இழந்தனர். வாக்கு இழந்தவன் கூலிக்காகப் பேசும் குரலையும் இழக்கிறான். தேயிலை மட்டும் தடையின்றிக் கப்பலேறியது. இக்கோப்பையில் இருப்பது எந்த உரிமையும் அற்றவன் பறித்த கொழுந்து என்று அன்று கேட்ட வர்த்தக உடன்படிக்கை உண்டா?

"ஆனால் எமக்குத் தேவை"

அமெரிக்கச் சட்டத்தைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டத்தின் 307ஆம் பிரிவு, சிறைக் கைதிகளைக் கொண்டும் பலவந்த உழைப்பைக் கொண்டும் ஆக்கிய பண்டங்கள் நாட்டினுள் வரலாகாது என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் அதன் பின்னே ஒரு விதிவிலக்கு! பலவந்த உழைப்பினால் ஆக்கிய பண்டம் அமெரிக்காவின் தேவைக்குப் போதிய அளவில் அங்கேயே உற்பத்தியாகாவிடின், தடை செல்லாது. அதாவது, எமக்குத் தேவையில்லாதபோது அடிமைத்தனம் பாவம். தேவைப்படும்போது அது வியாபாரம்! கொக்கோ போன்ற பண்டங்கள் அங்கு போதிய அளவில் விளையா. ஆதலால் அத்தகையவற்றுக்கு இவ்விதிவிலக்கே கேடயமாயிற்று. அக்கேடயம் நீக்கப்பட்டது 2016 பெப்ரவரியில். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நல்ல சட்டத்தை ஒரு சிறு வாசகம் முடமாக்கி வைத்திருந்தது.

2021 டிசம்பரில் அந்நாடு இன்னோர் அடி வைத்தது. சீனாவின் சின்சியாங் மாகாணத்தில் உய்குர் மக்களும் பிற சிறுபான்மையினரும் பலவந்தமாக வேலை வாங்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டைச் சீன அரசாங்கம் மறுக்கிறது. உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்திலொன்று அம்மாகாணத்தில் விளைவது. சூரிய மின்தகடுகளுக்கான மூலப்பொருளும் அங்கே பெருமளவில் உற்பத்தியாகிறது. 2022 யூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, அங்கு ஆக்கிய பண்டம் பலவந்த உழைப்பின் விளைவு என்றே ஊகிக்கப்படும். அவ்வாறன்று என்று தெளிவான, நம்பத்தக்க சான்றுகளால் எண்பிக்கும் பொறுப்பு இறக்குமதியாளனுடையது. களவுமாட்டின் நீதி துறைமுகத்துக்கு வந்துவிட்டது! ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் இத்தகைய பண்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றி, அது நடைமுறைக்கு வரும் நாளாக 2027 டிசம்பர் 14ஐக் குறித்தது. ஆனால் அங்கே எண்பிக்கும் பொறுப்பு அதிகாரிகளின் தலையிலேயே விடப்பட்டுள்ளது. பூட்டிய வாயிலுக்குள் நடப்பதை ஆயிரம் கட்டைக்கு அப்பாலிருக்கும் அதிகாரி எங்ஙனம் எண்பிப்பார்?

மூன்று தடைமொழிகள்

எதிர்த்தரப்பு நியாயங்களை மறைத்துப் பேசுவது சட்டம் பயின்றவர்க்கு அழகன்று.

ஏழைக்கு மலிவு வேண்டாமா என்பார்கள். வேண்டும். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் நாம். விலையேற்றத்தின் கொடுமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழைக்கு உதவும் கடமை அவனுடைய அரசாங்கத்துக்கு உரியது. அதனைப் பிறநாட்டு அடிமையின் முதுகில் ஏற்றுவது தருமமன்று. ஓர் ஏழையின் சட்டியை நிரப்ப இன்னோர் ஏழையின் சட்டியைப் பறிப்பதற்குத் தருமம் என்று பெயரில்லை.

வேலை போய்விடும் என்பார்கள். குறைந்த கூலி வேறு. பலவந்த உழைப்பு வேறு. வறிய நாட்டில் கூலி குறைவாய் இருப்பது குற்றமன்று. விரும்பினால் விலகலாம் என்ற உரிமை அற்றிருப்பதே குற்றம். உலகத் தொழிலாளர் தாபனத்தின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லையும் இதுவே. 2021ஆம் ஆண்டில் அந்த எல்லைக்கு அப்பால் நின்றவர்கள் 2 கோடியே 76 இலட்சம் பேர் என்று அத்தாபனம் மதிப்பிட்டது.

மனித உரிமை என்பது உள்ளூர் வியாபாரியின் முகமூடி என்பார்கள். இதனைக் கமக்காரப் பெருமக்கள் கூர்ந்து கேட்டல் வேண்டும். நம் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் விளையும் வேளையில் வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தால் நாம் நொந்துபோகிறோம். 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் பட்ட துன்பம் பலர் நினைவில் உண்டு. அறுவடைக் காலத்தில் தீர்வை வேண்டும் என்று கேட்பது நமது உரிமை. அதனைக் கமக்காரனின் பிழைப்பு என்ற பெயரிலேயே வெளிப்படையாகக் கேட்போம். எல்லைக்கு அப்பால் தன் நிலத்தைத் தானே உழும் கமக்காரனை அடிமை என்று சொல்லி அவன் வெங்காயத்தைத் தடுக்க முற்படுவோமாயின், 1846இன் தோட்ட முதலாளிகளின் வரிசையில் நாமும் போய் நிற்போம். அதன்பின் உண்மையான அடிமைக்காக நாம் பேசும்போது எவர் நம்புவார்?

நமது வழக்கு

கடைசியாக, நமக்கு மிக நெருக்கமானதற்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு வழங்கிய ஜி. எஸ். பி. பிளஸ் என்னும் தீர்வைச் சலுகை, சர்வதேச உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றுதல் என்ற நிபந்தனையோடு கூடியது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளும் ஒழுங்காக நிறைவேற்றப்படவில்லை என்ற காரணத்தினால் 2010 ஆகஸ்டில் அச்சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மேயில் மீண்டும் அளிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவதுபற்றி ஆராயுமாறு 2021 யூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானித்தது.

இங்கே தைத்த சட்டையில் குற்றமில்லை, குற்றம் அரசாங்கத்தினுடையது. சலுகை நின்றால் முதலில் அடிபடுவது தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்பிள்ளையின் வயிறு. அவள் சிங்களப் பெண்ணாயினும் தமிழ்ப் பெண்ணாயினும் அந்த அடி ஒன்றே. ஆகவே களவுப் பண்டத்தைத் தடுப்பதற்கு ஒரு நீதியும், சலுகையை நிறுத்துவதற்கு இன்னொரு நீதியும் வேண்டும். முன்னதில் தாமதம் கூடாது. பின்னதில் எச்சரிக்கையும், காலக்கெடுவும், நிறைவேற்றக்கூடிய தெளிவான நிபந்தனைகளும் முந்துதல் வேண்டும். நிபந்தனை விதித்தவர் அதனைக் கண்காணியாது உறங்குவாராயின், அது நிபந்தனையன்று, அலங்காரம்.

அன்பர்களே! உங்கள் மலிந்த சட்டையைவிட எங்கள் பிள்ளைகளின் உயிரும் உரிமையும் பெரியவை என்று நாம் ஐரோப்பியரிடம் சொல்கிறோம். சொல்வது நியாயம். ஆனால் அதனைச் சொல்லும் நம் தோளிற் கிடக்கும் துணி எவன் கண்ணீரில் நனைந்தது என்று நாம் கேட்டதுண்டா? பிறனுடைய உரிமையை விலையோடு வைத்து நிறுத்துப் பார்ப்பவன், தன் உரிமையை மட்டும் தராசில் வைக்காதே என்று வாதாட இயலாது.

ஆதலால் மூன்றைக் கேட்போம். நமது நாடு செய்யும் ஒவ்வொரு வர்த்தக உடன்படிக்கையிலும் பலவந்த உழைப்பின் பண்டத்துக்கு இடமில்லை என்ற வாசகம் இருக்கட்டும். பண்டம் வந்த வழியைக் காட்டும் பொறுப்பு இறக்குமதியாளனுடையதாகட்டும். "ஆனால் எமக்குத் தேவை" என்ற விதிவிலக்கு அதிற் புகாதிருக்கட்டும். இம்மூன்றையும் கேட்கும்போது நட்பு நாடு, பகை நாடு என்று பாராதிருப்போம். நம் சொந்த மலைநாட்டுத் தோட்டங்களையும் அதே அளவுகோலால் அளப்போம்.

மாட்டை வாங்குமுன் குறியைப் பார்த்த மக்கள் நாம். மனிதன் ஆக்கிய பண்டத்தை வாங்குமுன் அம்மனிதனைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.